மட்கார்டு இல்லாத சைக்கிளும் மரநிழல் உள்ள தெருவும்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்குக்குப் போனாலும் தூண் ஓரமாக நாலைந்து சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கும். டயரில் காற்று இருக்காது. சீட்டில் புறா எச்சம். பாதிக்கு மேல் கியர் வைத்தவை. முன்னால் ஷாக் அப்சார்பரும் தடித்த டயரும் உள்ளவை. கொரோனா ஊரடங்கில் ஆசையாக வாங்கியது, மகன் பத்தாவது போனதும் விட்டது, டாக்டர் சர்க்கரை என்று சொன்ன வாரம் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. என்னுடையதும் இரண்டு வருஷம் அப்படித்தான் கிடந்தது.

அதே குடியிருப்புக்குத் தினமும் காலை ஆறரைக்கு இன்னொரு சைக்கிள் வருகிறது. ஆளுயர ஃபிரேம், கம்பி பிரேக், கனத்த கேரியர். அதில் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. ஒரு நாள்கூட அது வராமல் இருந்ததில்லை. ஓட்டி வருபவரிடம், "அண்ணே, இந்த வண்டி எத்தனை வருஷமா ஓடுது?" என்று கேட்டேன். "டயர் மாத்துன கணக்கு கேட்டா சொல்லலாம் சார். வண்டி எங்க அப்பாது" என்றார்.

எதனால் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று தூணில் சாய்கிறது? ஓட்டுபவரின் மன உறுதி என்று ஒரு பதில் உண்டு. அதை நான் நம்பவில்லை. என் சைக்கிளில் மட்கார்டு கிடையாது. முதல் தூறலில் முதுகெல்லாம் சேறு. கேரியர் கிடையாது, பையை முதுகில் மாட்டினால் அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஸ்டாண்டு கிடையாது. செயின் கவர் கிடையாது. பேன்ட்டின் வலது கால் ஓரம் கறுப்பு. மணிகூடக் கிடையாது. தினசரி வேலைக்கு வேண்டிய ஐந்தையும் கழற்றிவிட்டு, காட்டுப் பாதைக்கு வேண்டிய ஐந்தைச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வண்டி: எது வேண்டாம் என்பதிலிருந்து

தினமும் ஊருக்குள் ஓட்ட ஒரு சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரர் முதலில் காட்டுவதைத் தாண்டிப் போங்கள். சென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்று இருப்பதெல்லாம் பாலங்கள்தான். முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரம் வைத்து "21 கியர்" என்று எழுதியிருப்பார்கள். அவற்றில் பல ஒன்றின் மேல் ஒன்று விழுகிற கணக்கு. பாதியைக்கூட யாரும் பயன்படுத்துவதில்லை. பின்னால் மட்டும் ஏழு கியர் இருந்தால் தாராளம். கியரே இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை; பழுதாவதற்கு ஒரு பாகம் குறைச்சல்.

மலிவு விலை வண்டியில் வருகிற முன் ஷாக் அப்சார்பர் சுத்த வீண். எடைதான் கூடும். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை அமுங்கி அமுங்கி அதுவே தின்றுவிடும். வேகத்தடையின் உதறலைத் தாங்க அகலமான டயர் போதும். 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் நம் ஊர் சாலைக்குச் சரி. அதைவிட ஒல்லியானால் மழைநீர் வடிகால் கம்பித் தட்டியின் இடுக்கில் சக்கரம் மாட்டும். தடித்தால் டிராக்டர் ஓட்டுகிற சுகம்.

டயர் அளவில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பலர் ஏமாந்த இடம் இது. 26 இஞ்ச் என்பது ஒரே அளவல்ல. பெண்கள் சைக்கிளில் வருகிற 26 x 1 3/8 டயரின் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். மலை சைக்கிளில் வருகிற 26 x 1.95 டயருக்கு 559. இரண்டும் பெயரில் 26 இஞ்ச். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. தண்ணீர் கேன்காரர் வண்டியின் 28 x 1 1/2 டயருக்கு 635, இப்போதைய ஹைபிரிட் வண்டிகளின் 700சி டயருக்கு 622. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 37-590 என்பதுபோல அச்சிட்டிருக்கும். அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "26 கொடுங்க" என்று கேட்காமல் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

வால்வும் கவனிக்க வேண்டியது. பழைய வண்டிகளில் வால் டியூப் போட்ட வால்வு. கையால் அடிக்கிற பம்புக்கு அது பழகியது. விலை கூடிய சில வண்டிகளில் ஊசிபோல மெலிந்த வால்வு வரும். நம் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் அதைப் பார்த்துக் கையை விரிப்பார். மோட்டார் பைக்கில் இருக்கிற வால்வே உத்தமம். எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். ஆனால் ஒன்று: பங்கின் கம்ப்ரஸர் பெரிய டயருக்கானது. சைக்கிள் டியூபில் கொள்ளளவு கொஞ்சம். ஒரே அழுத்தாக அழுத்தினால் டியூப் வெடித்துவிடும்; விட்டு விட்டு, விரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து அடிக்கவேண்டும். நகர டயருக்கு 45லிருந்து 60 பி.எஸ்.ஐ. வரை, அகலத்தையும் ஓட்டுபவர் எடையையும் பொறுத்து. வாரம் ஒருமுறை காற்று பார்த்தாலே பாதிப் பஞ்சர் நின்றுவிடும். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்குவதுதான் பல பஞ்சருக்குக் காரணம். ஆணியின் மேல் வீணாகப் பழி போடுகிறோம்.

வண்டித் தேர்வில் கட்டாயம் நினைவுகொள்ள வேண்டியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு குறிப்பு இன்றைய கடைக்காரர்களுக்கும் பாடம். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் கேட்டார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! கூட என்ன வரப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புடவையோ துப்பட்டாவோ அணிந்து ஓட்டுபவருக்குப் பாரைவிடப் பின்சக்கரத்தின் பக்கவாட்டு வலைக்காப்பும் முழு செயின் கவரும் முக்கியம். துணி சக்கரத்தில் மாட்டினால் விழுவது நிச்சயம். இன்றைக்கு விற்கிற பல "மாடர்ன்" லேடீஸ் சைக்கிள்களில் இரண்டும் இல்லை.

சீட்டு உயரம் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்து, முழங்கால் மார்பில் இடிக்க மிதிக்கிறோம். பிறகு மூட்டு வலிக்கிறது என்று சைக்கிளைத் தூணில் சாய்க்கிறோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடியும். அதுதான் சரியான உயரம். நின்றால் கால் நுனிதான் தரையில் படும். பயமாக இருந்தால் முதல் வாரம் ஒரு விரற்கடை தாழ்த்தி வைத்துக்கொண்டு, பழகியதும் ஏற்றலாம்.

நான் புது வண்டி வாங்கவில்லை. தூணில் கிடந்ததையே தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும். வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் இருக்கு, ஒண்ணுமே இல்லையே!" என்றார். மட்கார்டு, கேரியர், பக்க ஸ்டாண்டு, பித்தளை மணி போட்டார். காடு மலைக்கான முள் டயரைக் கழற்றி வழவழப்பான டயர் மாற்றினார். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, ஓவராயிலிங் செய்து கொடுத்தார். வண்டி எட்டிப் பாய்ந்தது. செலவில் பெரும்பங்கு டயருக்கு. மற்றதெல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற காசு. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

வழி: பாலத்திலிருந்து தொடங்குங்கள்

வண்டியைவிட வழிதான் பெரிய விஷயம். பலர் சைக்கிளை விட்டதற்கு, முதல் நாள் தப்பான சாலையில் போனதே காரணமாக இருக்கும். பைக்கில் போகிற அதே வழியில் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போவார்கள். பஸ் உரசும், ஷேர் ஆட்டோ குறுக்கே நிற்கும். "நம்ம ஊர்ல முடியாதுப்பா" என்ற தீர்ப்போடு வீடு திரும்புவார்கள்.

என் வீடு இந்திரா நகர். அலுவலகம் ராயப்பேட்டை. எட்டு கிலோமீட்டர் சொச்சம். செல்போன் வரைபடம் காட்டிய வழி: அடையாறு, திரு.வி.க. பாலம், துர்காபாய் தேஷ்முக் சாலை, மந்தைவெளி, லஸ், ராயப்பேட்டை நெடுஞ்சாலை. மோட்டார் வண்டிக்கு அது நேர்வழி. அந்த வரிசையில்தான் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சிறுசேரி பாதை பூமிக்கடியில் போகிறது. மேலே தகரத் தடுப்புகள். தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஹேண்டில்பார் அகலம். முதல் நாள் நான் லஸ்ஸில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அன்று இரவு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தபோதுதான் இந்த ஊரின் அமைப்பு புரிந்தது. சென்னையைக் கூவமும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடற்கரை – தாம்பரம் ரயில் பாதையும் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அமைதியான உள் தெருக்கள் ஏராளம். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக மட்டும் குறிப்பிட்ட சில பாலங்கள், சுரங்கப் பாதைகள், கேட்டுகள். எல்லா வண்டிகளும் அங்கேதான் வந்து நெரியும். ஆகவே சைக்கிளுக்கு வழி போடுகிறவர் வீட்டு வாசலிலிருந்து கோடு இழுக்கக்கூடாது. எந்த இடத்தில் ஆற்றைக் கடப்பது என்று முதலில் முடிவு செய்து, அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் உள் தெருக்களைக் கோத்துக்கொண்டு வரவேண்டும்.

எனக்கு அடையாற்றைக் கடக்கத் திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் என்று மூன்று வாய்ப்பு. சைதாப்பேட்டை சுற்று. கோட்டூர்புரத்துக்குப் போக சர்தார் பட்டேல் சாலையில் போகவேண்டும்; காலை ஒன்பது மணிக்கு அதில் சைக்கிள் ஓட்டுவது எனக்கு ஒத்துவராது. ஆகத் திரு.வி.க. பாலமேதான். அந்தப் பாலத்தில் நிழல் இல்லை, ஒதுங்க இடமில்லை. ஆனால் நீளம் கொஞ்சம்தான். நேர்க்கோட்டில், ஓரத்தை ஒட்டாமல், தயங்காமல் போனால் பின்னால் வருகிறவர்கள் விலகிப் போகிறார்கள். இரண்டு நிமிட மல்லுக்கட்டு. அதைத் தாண்டியதும் இடதுபுறம் ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களுக்குள் நுழைந்துவிடுவேன். அங்கிருந்து அபிராமபுரம், ஆழ்வார்பேட்டை உள் தெருக்கள், ராதாகிருஷ்ணன் சாலையைச் சிக்னலில் குறுக்கே கடந்தால் ராயப்பேட்டை. முன்னதைவிட ஒரு கிலோமீட்டர் கூடுதல். நாற்பது நிமிடம். பைக்கில் எனக்கு அரை மணி ஆகும். நெரிசல் நாளில் அதே நாற்பது.

பாலத்தில் போகும்போதெல்லாம் கிழக்கே பார்க்கத் தோன்றும். கழிமுகத்தில் 1977ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போன உடைந்த பாலம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மீனவர்கள் நடக்கக் கட்டிய பாலம். அதை ஒட்டவைத்து, மோட்டார் வண்டியை விடாமல் நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் மட்டும் கொடுத்தால்? பெசன்ட் நகரிலிருந்து சாந்தோம் போவது பத்து நிமிட வேலை. இது என் பகல் கனவு. கட்டுரையோடு சேர்த்தியில்லை.

வழி தேட ஒரு உபாயம். வரைபடச் செயலியில் "நடந்து செல்ல" என்ற தேர்வைப் போட்டால் சின்னச் சின்னத் தெருக்களைக் காட்டும். ஒருவழிப் பாதை பற்றி அதற்குக் கவலை கிடையாது. அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஓஸ்ம்அண்ட், கோமூட் போன்ற செயலிகளில் சைக்கிளுக்கென்றே வழி போடலாம். ஆனால் எந்தச் செயலிக்கும் தெரியாத ஒன்று செயற்கைக்கோள் படத்தில் தெரியும்: பச்சை. எந்தத் தெருவின் மேல் மரக் கூரை இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். மே மாதம் தூங்குமூஞ்சி மரத்தடியில் போவதற்கும் மொட்டைச் சாலையில் போவதற்கும் உள்ள வித்தியாசம், சட்டை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்கிற வித்தியாசம்.

திசையும் முக்கியம். நான் காலையில் வடக்கே போகிறேன், மாலையில் தெற்கே வருகிறேன். நம் ஊரில் இடதுபுறம் ஓட்டுகிறோம். காலையில் சூரியன் எனக்கு வலப்பக்கம். சாலையின் கிழக்குப் பக்கத்துக் கட்டடங்கள், மரங்களின் நீண்ட நிழல் என் மேல் விழும். மாலையில் சூரியன் மேற்கே. அப்போதும் எனக்கு வலப்பக்கம்தான். எதிர்வரிசை நிழல் மறுபடியும் என் மேல். தெற்கு வடக்காகப் போகிற தெருவில் இரண்டு வேளையும் நிழல் கிடைக்கிறது. போரூரிலிருந்தோ வடபழனியிலிருந்தோ மயிலாப்பூருக்கு வருகிறவருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. காலையில் கிழக்கு நோக்கி, மாலையில் மேற்கு நோக்கி. இரண்டு வேளையும் வெயில் நேரே கண்ணில். அவருக்குக் கண் கூசுவது மட்டும் பிரச்சினை அல்ல, பின்னால் வருகிற லாரி டிரைவருக்கும் அதே வெயில் கண்ணில் அடிக்கிறது. அவர் முன்னால் போகிற சைக்கிளைப் பார்க்கமாட்டார். அப்படிப்பட்ட வழி அமைந்தவர்கள் பகலிலேயே பின்விளக்கை மினுக்கவிட்டுப் போவது நல்லது. முடிந்தால் அரை மணி முன்னதாகவோ பின்னதாகவோ கிளம்பலாம். அல்லது கிழக்கு மேற்கான தூரத்தை நிழல் உள்ள ஒரே தெருவில் முடித்துக்கொள்ளலாம்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடையில் நடுப்பகலையொட்டிக் கடற்காற்று ஏறும். மாலையில் தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று தெற்கே வீடு திரும்புகிற என் முகத்தில் அடிக்கிறது. காலையில் நாற்பது நிமிடம் எடுத்தது மாலையில் ஐம்பதாகும். காற்றோடு சண்டை போடாமல் ஒரு கியர் இறக்கி மெல்ல மிதித்தால், வேர்க்காமல் வீடு சேரலாம். வெயிலில் வெந்த ஊருக்கு அந்தக் காற்றுதானே மருந்து.

வழி போட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டுங்கள். வழி மனசில் பதியும். ஆனால் அந்தத் தெருவின் உண்மை முகம் செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்குத்தான் தெரியும். பள்ளிக்கூட வாசல் எங்கே இருக்கிறது, குப்பை லாரி எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்த முனையில் நாய்கள் துரத்தும் என்பதெல்லாம் அப்போதுதான். என் வழியில் ஒரு பள்ளி இருந்தது. எட்டு இருபதிலிருந்து எட்டு ஐம்பது வரை அந்தத் தெருவில் எறும்புகூட நுழைய முடியாது. பக்கத்துத் தெருவுக்கு மாறினேன். அவ்வளவுதான்.

சாலையில்

ஓரத்திலேயே போனால் பத்திரம் என்று நினைப்பது பெரிய தவறு. ஓரத்தில்தான் வடிகால் தட்டி, மணல், உடைந்த கண்ணாடி, தார் விளிம்பின் பள்ளம். நிறுத்தியிருக்கும் கார்களை உரசிப் போனால் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரம், சுமார் ஒரு மீட்டர், தள்ளிப் போகவேண்டும். கார்களுக்கு நடுவே இடைவெளி வரும்போதெல்லாம் உள்ளே ஒதுங்கி, மறுபடி வெளியே வந்து, வளைந்து வளைந்து போவது இன்னும் மோசம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைப்பதுபோல இருக்கும். ஒரே கோட்டில் போங்கள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டவே கூடாது. இறங்குகிறவர்கள் உங்கள் மேல்தான் இறங்குவார்கள். டிரைவரின் கண்ணாடியிலும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பின்னால் நின்று பஸ் கிளம்பியதும் போகலாம், அரை நிமிடம்தான். இடதுபுறம் திரும்பக் காத்திருக்கிற லாரியின் பக்கத்திலும் அப்படித்தான்.

பெரிய சந்திப்பில் வலதுபுறம் திரும்ப வேண்டுமா? நடுச்சாலைக்குப் போய்க் கார்களோடு நிற்காதீர்கள். நேராகச் சிக்னலைக் கடந்து எதிர் முனையில் ஓரமாக நின்று, வண்டியைத் திருப்பி, அந்தப் பக்கத்துப் பச்சை விழுந்ததும் மறுபடி நேராகப் போங்கள். இரண்டு சிக்னல் ஆகும், உயிர் ஒன்றுதானே. சந்திப்புகளை மூடி "யூ டர்ன்" ஆக்கிவிட்ட சாலைகளில் இன்னும் எளிது: சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளினால் நீங்கள் பாதசாரி. வரிக்குதிரைக் கோட்டில் நடந்து கடந்துவிடலாம். கார்காரர் அரை கிலோமீட்டர் சுற்றி வருவார்.

இரவு ஓட்டுகிறவர்கள் விளக்கில் கஞ்சத்தனம் காட்டவேண்டாம். ஒருகாலத்தில் லைட் இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ உரச உரச மிதித்தவர்களுக்கு அதன் குறையும் தெரியும்: வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். சிக்னலில் இருட்டில் நிற்பதுதான் ஆபத்தான நேரம். இப்போது செல்போன் சார்ஜரில் ஏற்றுகிற விளக்குகள் சில நூறு ரூபாய்க்கே வருகின்றன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவர் உங்கள் மேல்தான் ஏற்றுவார். வண்டியோடு வந்த பிரதிபலிப்பான்களை அழகுக்காகக் கழற்றாதீர்கள். பெடலில் இருக்கிற மஞ்சள் பிரதிபலிப்பான் மேலும் கீழும் போவதைப் பார்த்தாலே மனிதக் கண் "சைக்கிள்" என்று கண்டுகொள்ளும்.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. நான் போடுகிறேன். மோட்டார் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மிதித்தால் தலை அவிந்துவிடும். காற்று போக ஓட்டைகள் உள்ள சைக்கிள் ஹெல்மெட் வேறு. ஒருமுறை பலமாக அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் நுரை நொறுங்குவதன் மூலம்தான் அது தலையைக் காப்பாற்றுகிறது. நொறுங்கிய நுரை இரண்டாவது தடவை உதவாது.

மழையும் உப்பும்

வடகிழக்குப் பருவமழை வந்தால் இந்த ஊரின் வரைபடமே மாறும். துரைசாமி சுரங்கப் பாதை, கணேசபுரம் சுரங்கப் பாதை போன்றவை குளமாகும். தண்ணீர் தேங்கிய தெருவில் சைக்கிளை விடவே விடாதீர்கள். அடியில் மூடி போன சாக்கடைக் குழி இருந்தால் அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அக்டோபருக்கு முன்பே, சுரங்கப் பாதை இல்லாத இன்னொரு வழியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் சைக்கிளை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

முழு நீளப் போர்வை மாதிரியான மழைக்கோட்டு சக்கரத்தில் மாட்டும். மேல்சட்டையும் கால்சட்டையுமாகப் பிரிந்த மழையுடை நல்லது. ஈரத்தில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். எவர்சில்வர் போல மின்னுகிற இரும்பு ரிம்மில் இன்னும் மோசம். அடிக்கடி லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டே வரவேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். வெளியே வழிகிற எண்ணெயில் மண்தான் ஒட்டும். வீட்டில் கைக்குக் கிடைக்கிற தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாவட்டத்தில் பிசினாக இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். இருந்தாலும் அவசரத்துக்கு ஆகும்.

சுமையை முதுகில் ஏற்றாதீர்கள், கேரியரில் ஏற்றுங்கள். கட்டுவதற்குக் கொக்கி வைத்த கயிறு கடையில் விற்கிறது. தண்ணீர் கேன்காரரும் பால்காரரும் பயன்படுத்துவது பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை. நான் இரண்டையும் முயன்றுவிட்டேன். டியூப் பட்டைதான் ஜெயித்தது. மெக்கானிக் காசு வாங்காமல் கொடுத்தார்.

பூட்டும் இடமும்

பால் வாங்கப் போகும்போது பின்சக்கரத்து வளையப் பூட்டு போதும். நாள் முழுக்க நிறுத்துவதானால் ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து அசையாத ஒன்றோடு பூட்டவேண்டும். மெல்லிய கேபிள் பூட்டு கட்டிங் பிளேயருக்கு ஒரு நிமிட வேலை. திருகாமல் கையாலேயே கழற்றக்கூடிய சக்கரம் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் தேவை.

எதோடு பூட்டுவது என்பதுதான் இந்த ஊரில் கேள்வி. சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஒன்பது கிலோமீட்டர் வழியில் சைக்கிளைக் கட்ட ஓர் இரும்பு வளையத்தை நான் பார்த்ததில்லை. மரத்தைச் சுற்றிய கம்பி வலை, கரண்ட் பெட்டியின் வேலி, டீக்கடைக்காரரின் நல்ல மனசு: இவைதான் நிறுத்துமிடம்.

அலுவலகத்திலும் முதல் நாள் இதே கதைதான். நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் முன்வாசலில் கார், பைக்குக்குக் கோடு போட்டிருக்கிறது. செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தி, "சார், சைக்கிளுக்கு இங்க எடம் கெடையாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னாடி வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சுவரில் பதித்த ஒரு பழைய இரும்புக் கம்பி. அதில் ஏற்கெனவே மூன்று சைக்கிள்கள் பூட்டியிருந்தன. ஒன்று அவருடையது. ஒன்று எங்கள் மாடியைப் பெருக்குகிற அக்காவுடையது, பின்சக்கரத்தில் புடவை மாட்டாமல் வலைக்காப்பு கட்டியது. மூன்றாவது கேன்டீன் தம்பியுடையது, கேரியரில் டியூப் பட்டை சுற்றியது. அந்தக் கட்டடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. அக்காவின் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் செய்து கொடுத்தார். "சாயங்காலம் ஆறுக்கு முன்னாடி எடுத்துருங்க சார், அப்புறம் மோட்டார் போடுவாங்க, தண்ணி தெறிக்கும்."

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டு போனேன், சீட்டுக்கு.